தூளிக் கணக்கு

அப்பாயிக்குக் கடைசிக் காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும், "தூளியெல்லாம் காலியாயிருச்சா, பாத்தியா?" என்று கேட்பார். நாங்கள் தோட்டத்தை விட்டுத் தானா ராத்தாவுக்கு வந்து அப்போது வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் தூளியும் இல்லை, தூளியில் போடக் குழந்தையும் இல்லை. "காலி அப்பாயி, எல்லாம் காலி" என்று சொன்னால்தான் அடங்குவார். வயசான மறதி என்று விட்டுவிட்டோம். அப்பாதான் ஒருநாள் விளக்கினார். ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பாயி ஆயாவாக இருந்தவர். கொட்டகையை அடைக்கும்முன் ஒவ்வொரு தூளியையும் கையால் அமுக்கிப் பார்ப்பாராம். துணிக்குள் சுருண்டு தூங்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

மலேசியத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களிடம் ஆயாக்கொட்டகை என்று சொன்னால் போதும், முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளமான பலகைக் கொட்டகை. உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு தூளி, பழைய சேலையோ கைலியோ. ஓரத்தில் அடுப்பு. அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுப் போவார்கள், வேலை முடிந்து வந்து தூக்கிப் போவார்கள். நடுவில் பார்த்துக்கொள்வது ஆயா. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்பதுதான் இந்தக் கட்டுரை.

தோட்ட வரலாறு என்று நாம் படிப்பவற்றில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1885இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன் மலைக்கே பெயராகிவிட்டார். அதற்கு முன்பே இங்கே இருந்த செமாய் மக்கள் மலையை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று யாரும் பலகை வைக்கவில்லை. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் ஏறிவந்து பார்த்தார், மலைவாசத் தலத்துக்குத் தோதான இடம் என்றார். தாப்பாவிலிருந்து ரோடு வந்தது. அந்த ரோட்டில் ஏறிவந்தால் முதலில் வரும் ஊர் ரிங்லெட். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலை தெரிந்த ஆள் வேண்டும் என்று இலங்கையில் அனுபவப்பட்ட ஏ. பி. மில்னைச் சேர்த்துக்கொண்டார். இவர்கள் பெயரெல்லாம் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான அட்டையிலேயே இருக்கும். துரைக்குக் கீழே கிராணி, கிராணிக்குக் கீழே கங்காணி, தண்டல், ஒரு பக்கமாக டிரெஸர், இன்னொரு பக்கமாகப் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு வந்த தொழிற்சங்கத் தலைவர்கள். இவர்களைப் பற்றி நாவல் உண்டு, ஆய்வு உண்டு, திட்டி எழுதிய கவிதையாவது உண்டு. ஆயா மட்டும் ஒரு வரியில் வந்து போவார். "ஆயாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு அவள் வேலைக்காட்டுக்குப் போனாள்" என்ற வகை வரி.

அந்த வரிக்குள் போய்ப் பார்க்கலாம்.

கொட்டகை வந்ததில் கருணைக்குப் பெரிய பங்கில்லை. கணக்குத்தான் பெரிய பங்கு. இந்தியக் குடியேற்றச் சட்டம் 1922இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த விதிகள், தொழிலாளர்களைக் கப்பலேற்றும்போது மூன்று ஆண்களுக்கு இரண்டு பெண்கள் என்ற விகிதம் இருக்க வேண்டும் என்றன. மலாயா முதலாளிகள் சில ஆண்டுகள் விலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்றாலும் பெண்கள் வரத்தான் செய்தார்கள். வந்த பெண்கள் மனைவியாக மட்டும் வரவில்லை, கூலிக்கும் சேர்த்துத்தான் வந்தார்கள். 1920களின் இறுதியில் பல பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 10 காசு குறைவாக ஒரு ஜோடிக் கை கிடைக்கிறதென்றால் அந்தக் கை சும்மா இருக்கக் கூடாது அல்லவா?

ரப்பரைவிடத் தேயிலையில் இது இன்னும் நெருக்கடி. கொழுந்து பறிப்பது பெண்ணின் விரலுக்கான வேலை என்று இலங்கையிலும் அசாமிலும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். கொழுந்து காத்திருக்காது. இன்று விட்டால் முற்றிவிடும். மழையானாலும் பனியானாலும் மலையேற வேண்டும். கூடை முதுகில் தொங்கும், அதன் கயிறு நெற்றியில் ஏறும். முதுகு ஒன்றுதான். கூடை ஏறினால் பிள்ளைக்கு இடமில்லை. செடிக்கடியில் படுக்கப்போட்டால் அட்டை, பூச்சி, ஈரம். ஆக, பிள்ளையை வைக்க ஓர் இடம் வேண்டும். வெள்ளைக்காரர் கட்டிய எத்தனையோ கட்டடங்களைப் போல, இதுவும் யாருடைய கையை விடுவிக்கக் கட்டப்பட்டது என்று கேட்டால் விஷயம் புரிந்துவிடும். பிள்ளைக்காகக் கட்டியதில்லை இது. கூடைக்காகக் கட்டியது.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பாய் ஆலைகள் சாட்சி. அங்கே வேலைக்குப் போன தாய்மார் பச்சைக் குழந்தைக்குச் சிறு அபின் உருண்டை கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுப் போனார்கள். பிள்ளை மாலைவரை அழாது. சில பிள்ளைகள் பிறகும் அழவில்லை. 1929இல் அமைக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் ராயல் கமிஷன், விட்லி கமிஷன் என்று சொல்வார்களே அதுதான், 1931இல் தந்த அறிக்கையில் பெண்கள் அதிகம் வேலைசெய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மலாயாவில் இந்திய அரசின் ஏஜெண்டுகள் எழுதிய ஆண்டறிக்கைகளிலும் காப்பகம் ஒரு விஷயமாக இடம்பிடித்தது. சில தோட்டங்கள் பாலும் கஞ்சியும் கொடுத்தன. சில தோட்டங்களில் கொட்டகை என்பது கூரையும் ஒரு கிழவியும் மட்டும்தான். 1937இல் வெளியான ஸ்ரீநிவாச சாஸ்திரியின் அறிக்கை, மந்தக் காலத்தில் குறைக்கப்பட்ட கூலியைப் பழையபடி 50, 40 என்றே ஆக்கச் சொன்னது. பெண்ணுக்கு ஏன் 10 காசு குறைவு என்பது அந்தக் காலத்துப் பேச்சில் பெரிதாக எழவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் கணக்குத்தான். மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923 தொழிற்சட்டப்படி, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும். நம்முடைய தமிழ்ப்பள்ளி வரலாறு இந்தப் பத்துப் பேரிலிருந்து தொடங்குகிறது என்று மேடைதோறும் சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கு வர வேண்டுமென்றால் அவள் இடுப்பில் தம்பி இருக்கக் கூடாது. தோட்டத்தில் காப்பகம் இல்லையென்றால் காப்பகம் யார்? எட்டு வயது அக்கா. கொட்டகை நடக்கும்வரை அக்கா சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போவாள். ஆயா படுத்துவிட்டால் அக்காவும் வகுப்பில் இருக்க மாட்டாள். தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கொடுத்தவர், பலகை கொடுத்தவர் பெயரெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. பெண்பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவைத்த அந்தக் கிழவியின் பெயரும் அதே கல்லில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

கிழவி என்று எழுதுகிறேன். பெரும்பாலும் அப்படித்தான். கூடை சுமக்க முடியாமல் போனவர், கை விளங்காதவர், புருஷனை இழந்தவர். நிர்வாகத்தின் பார்வையில் இது லேசு வேலை, மலைக்கு உதவாத ஆளுக்குக் கொடுக்கிற வேலை. அப்பாயியும் தாத்தா இறந்த பிறகு, இடுப்பு விட்டுப்போன காலத்தில்தான் கொட்டகைக்கு வந்தார். கலியாண வீட்டில் முன்னால் நிற்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட விதவை, தோட்டத்தின் அத்தனை பிள்ளைகளும் காலையில் முதலில் முழிக்கும் முகமாக ஆனார். இந்த முரணை அவர் யோசித்திருப்பாரா தெரியாது. நான்தான் யோசிக்கிறேன்.

ஒரு நாள் எப்படி இருந்தது என்று அப்பாவிடம் துருவித் துருவிக் கேட்டேன். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டுவார். ரிங்லெட் மலைக் குளிரில் முதல் வேலை கொட்டகையைச் சூடாக்குவது. பிறகு தண்ணீர் கொதிக்கவைப்பது. பெரட்டுக்கு முன்னால் பெண்கள் கம்பளியில் சுற்றிய பிள்ளையோடு வருவார்கள். கூடவே ஒரு துணி மூட்டை, பால் போத்தல், சில சமயம் தூக்குச்சட்டியில் கஞ்சி. "ஆயா, ராத்திரி பூரா அழுதுச்சு, வயிறு பாருங்க." "ஆயா, இன்னிக்கு இதுக்குச் சளி." எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி இருபது முப்பது பிள்ளைகளின் வயிற்றையும் சளியையும் மனசுக்குள் குறித்துக்கொள்வார். பத்து மணிவாக்கில் பால் கொடுக்கும் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். வந்தால்தான்.

இந்த "வந்தால்தான்" என்பதில்தான் அப்பாயியின் பெரிய சண்டை நடந்தது. எந்தப் பெண்ணை எந்த மலைக்கு அனுப்புவது என்பது தண்டலின் கையில். தூரத்து மலைக்குப் போனவளால் நடுவில் இறங்கி வர முடியாது. மார்பில் பால் கட்டிக்கொள்ளும், இங்கே பிள்ளை கத்தும். தண்டலுக்குப் பிடிக்காத பெண்ணுக்குத் தூரத்து மலை என்பது ரொம்ப சாதாரணம். அப்பாயி தண்டலிடம் போய், பால் குடிக்கிற பிள்ளை வைத்திருக்கிறவளுக்குக் கிட்டத்து மலைதான் போட வேண்டும் என்றார். அவர் சிரித்தார். மறுநாள் அப்பாயி பெரட்டுக்களத்துக்கே போய், கைப்பிள்ளைக்காரிகள் யார் யார் என்று வரிசையாகப் பெயர் சொல்லி, எல்லார் முன்னாலும் நின்றார். துரைக்குத் தமிழ் தெரியும், அந்தக் காலத்துத் துரைகள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கிட்டத்து மலை கிடைத்தது. எல்லா மாதமும் கிடைக்கவில்லை, ஆனால் தண்டல் அதற்குப் பிறகு காரணம் சொல்ல வேண்டி வந்தது.

இன்னொன்று. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மலைக்கு ஆள் அனுப்பித் தாயை இறக்க வேண்டும். இறங்கினால் அவளுக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். இறக்காவிட்டால் பிள்ளை போய்விடலாம். கைப்புறத்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து இதை முடிவு செய்ய வேண்டியவர் ஆயா. வேலை நேரத்தில் ஒரு பெண்ணை மலையிலிருந்து இறக்கும் அதிகாரம் அந்தத் தோட்டத்தில் துரைக்கும் தண்டலுக்கும் அடுத்து எங்கள் அப்பாயிக்குத்தான் இருந்தது. அதை யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை. அவர் சொல்லி அனுப்பினால் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு ஓடி வருவார்கள், அதனால் இருந்தது.

இப்போது குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கான பயிற்சிகளில் 'தலைமைத்துவம்', 'உள்ளடக்கும் பண்பு' என்றெல்லாம் பாடம் உண்டு. நானும் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். வண்ணத் தாளில் வட்டம் வரைந்து, நடுவில் குழந்தையை வைத்து, சுற்றிலும் அம்பு போடுவோம். தவறில்லை. அம்பு போடும்போதெல்லாம் எனக்குப் பெரட்டுக்களம்தான் ஞாபகம் வந்தது.

உள்ளடக்குவது என்றால் தோட்டத்தில் முதல் கேள்வி சாதி. மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று கே. எஸ். சந்துவின் ஆய்வு சொல்கிறது. கப்பலேறினால் சாதி கடலில் கரைந்துவிடும் என்பது அழகான கற்பனை. பல தோட்டங்களில் லயமே தனித்தனி. சாதியுணர்வு இந்த நாட்டுத் தமிழர்களிடம் எப்படித் தொடர்ந்தது என்று ராஜகிருஷ்ணன் ராமசாமி 1984இல் ஒரு நூலே எழுதினார். போ தோட்டம் தொடங்கிய அதே 1929இன் டிசம்பரில்தான் பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். ஊர் ஊராகக் கூட்டம். சுயமரியாதைப் பேச்சு மலாயா முழுக்கப் பரவியது, சங்கங்கள் கிளம்பின, பத்திரிகைகள் வந்தன. அந்தப் பேச்சின் பலனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மேடையில் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவனின் பிள்ளைக்குப் பகலில் யார் கையால் தண்ணீர் கிடைக்கிறது என்பது வேறொரு சோதனை. அந்தச் சோதனை தினமும் காலை ஏழு மணிக்குக் கொட்டகையில் நடந்தது. எல்லா லயத்துப் பிள்ளைக்கும் கொட்டகை ஒன்றுதான், பானையும் ஒன்றுதான். இரண்டாவது கொட்டகை கட்ட நிர்வாகம் காசு செலவழிக்காது. சில சமத்துவங்கள் முதலாளியின் கஞ்சத்தனத்தால் வருகின்றன.

எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை இது. ஒரு பெண், தன் பிள்ளைக்குத் தனி டம்ளரில்தான் பால் ஊற்ற வேண்டும், மற்ற டம்ளரோடு கலக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அப்பாயி மறுபேச்சுப் பேசவில்லை. அந்த டம்ளரில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினார். பிற்பகலில் டம்ளர்களைக் கழுவும்போது நூல் நனைந்து அவிழ்ந்துவிடும். மறுநாள் காலை அந்தப் பெண் வருவதற்குள் ஏதோ ஒரு டம்ளரில் சிவப்பு நூல் இருக்கும். எந்த டம்ளர் என்று கேட்டால் அப்பாயிக்கே தெரியாதாம். வருஷக்கணக்கில் இப்படி நடந்திருக்கிறது.

இந்தக் கதையை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், ஒருவர் அப்பாயியைப் புரட்சிக்காரி என்றார். கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம். லயத்தில் சில வீடுகளில் அப்பாயி தண்ணீர் குடிக்க மாட்டார். என் அத்தையின் கலியாணத்தில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதும் எனக்குத் தெரியும். கொட்டகைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக அவர் இருந்தார். கொட்டகைக்குள் அவருக்கு இருந்த ஒரே சட்டம், அழுகிற பிள்ளையை முதலில் எடுப்பது. அந்தச் சட்டத்தை அவர் வாசலுக்கு வெளியே கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தால் தோட்டம் அவரைக் கொட்டகையில் வைத்திருக்குமா, தாய்மார் பிள்ளையை அனுப்பியிருப்பார்களா என்றும் கேட்கலாம். எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கொட்டகைக்கு இன்னொரு குணமும் இருந்தது, அது பிறப்புப் பத்திரம் கேட்காது. நம்மில் எத்தனை குடும்பங்கள் பத்திரம் இல்லாமல், நீல அடையாள அட்டை இல்லாமல் தவித்தன என்பது உங்களுக்குத் தெரியும். 2011இல் மைடாஃப்தார் என்ற பெயரில் அரசே பதிவு இயக்கம் நடத்த வேண்டி வந்தது. பள்ளி வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் உண்டு. கொட்டகை வாசலில் யாரும் நிறுத்தப்பட்டதில்லை. ஆயா கேட்கும் கேள்விகள் இரண்டுதான்: பால் குடிச்சுதா, வெளிக்குப் போச்சா.

இந்த இடத்தில் ஸ்காட்லாந்துக்கு ஒரு நடை போய்வரலாம். நியூ லானார்க் என்ற ஊரில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன் 1816இல் தொழிலாளர் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி திறந்தார். நடக்கத் தெரிந்த பிள்ளையிலிருந்து சேர்த்துக்கொண்டார். குழந்தைக் காப்பகங்களின் உலக வரலாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் தேர்ந்தெடுத்தது படித்த வாத்தியார்களை இல்லை. ஜேம்ஸ் பியூகனன் என்ற நெசவாளி, மோலி யங் என்ற 17 வயது ஆலைப் பெண். பிள்ளைகளிடம் பிரியமும் பொறுமையும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்ததாக ஓவன் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். முதலாளி எழுதிவைத்ததால் மோலி யங்கின் பெயர் இருநூறு ஆண்டு கழித்து ரிங்லெட்காரனான எனக்கும் தெரிகிறது. எங்கள் ஆயாக்களின் பெயர் தோட்டத்துச் சம்பளப் புத்தகங்களில் எங்காவது இருந்திருக்கும். அந்தப் புத்தகங்கள் என்ன ஆயின என்பது தோட்டம் கைமாறிய ஊர்க்காரர்களுக்கெல்லாம் தெரிந்த கதை.

பிறகு காலம் மாறியது. அரசு 1976இல் ஒற்றுமைப் பாலர் பள்ளிகளைத் தொடங்கியது, பல இனப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார வேண்டும் என்ற நோக்கத்தில். அது ஐந்து ஆறு வயதுக்காரர்களுக்கு. அதற்கும் கீழே உள்ளவர்களுக்காக 1984இல் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் வந்தது. வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த, நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நால்வர் அல்லது அதற்கு மேல் இருந்தாலே பதிவு வேண்டும். பயிற்சி வேண்டும், இத்தனை பிள்ளைக்கு இத்தனை பேர் என்ற விகிதம் வேண்டும். எல்லாம் நல்லதற்குத்தான். ஒரு கிழவி முப்பது பிள்ளையைப் புகையடுப்புக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டதை நான் பொற்காலம் என்று சொல்லப்போவதில்லை. வயிற்றுப்போக்கு ஒரு பிள்ளைக்கு வந்தால் வரிசையாக எல்லாருக்கும் வரும், அப்பாவே அதில் பிழைத்தவர். ஆனால் புதிய ஏற்பாட்டில் ஆயாவுக்கு என்ன இடம் என்று கேட்டால், அநேகமாக இடமில்லை. அவர் அறிந்ததைத் தேர்வுத்தாளில் எழுத முடியாது.

இலங்கை மலையகத்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே இதற்குப் பெயர் பிள்ளைக் காம்பரா, பிள்ளை மடுவம் என்றும் சொல்வார்கள். மில்ன் போன்றவர்கள் பார்த்துப் பழகியதும் அதைத்தான். 1992இல் அமைக்கப்பட்ட நிறுவனம், இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அழைக்கப்படுவது, பிள்ளை மடுவங்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றும் வேலையில் இறங்கியது. தோட்டத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவியில் அமர்த்தினார்கள். சம்பளம் போதாது, கட்டடம் சரியில்லை என்று அங்கேயும் ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் லயத்தில் பிறந்த ஒரு பெண் அதே லயத்துப் பிள்ளைகளை 'உத்தியோகத்தர்' என்ற பெயரோடு பார்த்துக்கொள்கிறாள். தமிழ்நாட்டுத் தோட்டங்களையும் உள்ளடக்கிய இந்தியாவின் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால் காப்பகம் கட்டாயம் என்றது, பின்னர் 20 குழந்தைகள் இருந்தாலும் கட்டாயம் என்று சேர்த்தார்கள். நம் நாட்டிலும் 1990இல் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தபோது தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்துக்கு அதில் இடம் இருந்தது. எல்லாச் சட்டமும் ஏதோ ஒன்றை எண்ணிவிட்டுத்தான் காப்பகம் கொடுக்கின்றன. எண்ண ஆள் இல்லாமல் போனால்?

அதுதான் நடந்தது. கொழுந்து பறிக்கக் கத்தரி வந்தது, பிறகு இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம் வந்தது. எங்கள் தலைமுறை பட்டணத்துக்கு இறங்கியது. மலையில் இப்போது பங்களாதேசிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்படும் தற்காலிக வேலை அனுமதியில் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. இங்கே கலியாணம் செய்துகொள்ளவும் கூடாது. வெளிநாட்டுத் தொழிலாளருக்கான மருத்துவப் பரிசோதனையில் பெண்களுக்குக் கர்ப்பச் சோதனையும் உண்டு, கர்ப்பம் என்றால் தகுதியில்லை, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் மூன்று ஆணுக்கு இரண்டு பெண் வேண்டும் என்று விதி எழுதினார்கள். நாளைய கூலியும் தோட்டத்திலேயே பிறக்கும் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. இன்றைய கணக்கில் நாளைய கூலி வேறொரு நாட்டில், வேறொருவர் செலவில் வளர்ந்து, 18 வயதுக்கு மேல் விமானம் ஏறிவரும். பிள்ளை வளர்க்கும் செலவு தோட்டத்துக்கு மிச்சம். 1990 சட்டத்தையே 2019இல் திருத்தினார்கள், 2020 ஜூனில் அமலுக்கு வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளை ஒழுங்குபடுத்துவது அதன் முக்கிய நோக்கம். ஆளுக்கொரு கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, பூட்டு வைத்த அலமாரி என்று விதிகள் விவரமாக இருக்கின்றன. மெத்தையின் தடிமன்கூடச் சொல்லப்பட்டிருக்கிறது. தேவையான திருத்தம். ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டில் மாதிரி அடைத்துவைத்திருந்தார்கள்.

உள்ளடக்கும் பண்பைப் பற்றிப் பேசுகிற நம் கூட்டங்களில், நம் பிள்ளைகளை மற்றவர்கள் உள்ளடக்கவில்லை என்ற குறை நிறைய கேட்கிறது. நியாயமான குறை. அதே கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது 'பங்களா'வைப் பற்றி நாம் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். நம் தாத்தாக்களை 'கெலிங்' என்றோ 'கூலி' என்றோ சொன்னவர்களின் குரலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

போன வருஷம் அந்தப் பழைய தோட்டத்துக்குப் போனேன். கொட்டகை இன்னும் நிற்கிறது. பலகைச் சுவரைத் தகரமாக மாற்றியிருக்கிறார்கள். இப்போது அது தொழிலாளர் விடுதி. ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஒருவர் மட்டும் சமைத்துக்கொண்டிருந்தார். என் மலாய் அவருக்கும் அவர் மலாய் எனக்கும் அரைகுறையாகப் புரிந்தது. உள்ளே வரலாமா என்றேன், வரச் சொல்லிப் பருப்புக்குத் தாளித்தார். உத்தரத்தில் கொக்கிகள் அப்படியே இருந்தன. ஒன்றில் மழைக்கோட்டு, ஒன்றில் தொப்பி, ஒன்றில் காயப்போட்ட துண்டு. இது எதற்கு என்று அவர் கேட்டார். கையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காண்பித்தேன். "ஓ, பேபி" என்று சிரித்துவிட்டு, கைப்பேசியில் ஒரு பெண்குழந்தையின் படம் காட்டினார். வயது கேட்டேன். நான்கு விரல் காட்டினார். நேரில் பார்த்து எத்தனை வருஷம் என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.

வெளியே வருவதற்கு முன் கொக்கிகளை எண்ணினேன், 24. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"முப்பத்திரண்டு இருந்துச்சே," என்றார். "அடுப்புப் பக்கம் பாத்தியா? அங்கதான் சின்னதுங்களப் போடும்."

அடுப்புப் பக்கம் இப்போது தடுப்பு வைத்துக் குளியலறை கட்டியிருக்கிறார்கள்.